பிரஷர் இருக்கிற பிள்ளைத்தாச்சிக்கு அமுக்கி விடலாமோ?

இந்த முறை வந்த கடிதங்களிலையும் வட்ஸ்அப் மெசேஜுகளிலையும் அரைவாசிக்கு மேலை ஒரே விஷயம்தான், வயித்திலை பிள்ளையோடை பிரஷரும் இருக்கு, உடம்பு நோ தாங்க ஏலாமல் கிடக்கு, அக்குபிரஷர், அதாவது உடம்பிலை சில புள்ளியளை விரலாலை அமுக்கிற வைத்தியம், செய்யலாமோ எண்டு. பிரசவ வோட்டிலை கனகாலம் நேர்ஸா நிண்டு, பிறகு அக்குபிரஷரும் முறையாப் பழகினபடியால் எனக்கு ரெண்டிலையும் மரியாதை இருக்கு. அதாலை மற்றக் கேள்வியளை அடுத்த முறைக்கு வைச்சிட்டு இந்த முறை பக்கம் முழுக்க இதுக்கே.

கேள்வி: எனக்கு இப்ப 31 கிழமை, முதல் பிள்ளை. போன கிளினிக்கிலை பிரஷர் 144/92 எண்டு சொல்லி லபெட்டலோல் குளிசை தந்தவை, சலத்திலை புரோட்டீன் இல்லையாம். கால் வீங்குது, நாரி நோகுது, இரவிலை நித்திரையே இல்லை. பக்கத்து ஃபிளாட் அக்கா அக்குபிரஷர் பழகினவ, கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவிலை அமுக்கினால் பிரஷர் இறங்கும், குளிசை தேவைப்படாது எண்டுறா. ஒருநாள் அவ அமுக்கின பிறகு மெஷினிலை பாத்தன், 132/84. குளிசையை விடலாமோ? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: தங்கச்சி, முதல் குளிசையைப் பற்றிச் சொல்லுறன், ஒரு நேரம் கூட விடாதேங்கோ. 132/84 வந்தது உண்மைதான், அக்கா பொய் சொல்லேல்லை, ஆனா அது ஏன் வந்ததெண்டு பாருங்கோ. நீங்கள் கதிரையிலை சாய்ஞ்சு, ஒராள் அன்பா காலைப் பிடிச்சு விட, கொஞ்ச நேரம் ஆறுதலா இருந்திருக்கிறியள், அதோடை காலமை போட்ட லபெட்டலோலும் உள்ளுக்கை வேலை செய்துகொண்டிருக்கு. நாளைக்கு அதே நேரம் அதே கதிரையிலை ஒருத்தரும் அமுக்காமல் சும்மா இருந்து பாருங்கோ, அநேகமா அப்பவும் இறங்கித்தான் காட்டும். பிரஷர் பாக்க முதல் அஞ்சு நிமிஷம் இருக்கச் சொல்லுறதே இதுக்குத்தான், முதுகைச் சாய்ச்சு, கால் ரெண்டும் நிலத்திலை, கால் மேலை கால் போடாமல், கையை நெஞ்சு உயரத்துக்கு மேசையிலை வைச்சு, கதைக்காமல். கை பருத்த ஆக்களுக்கு கஃப், அதுதான் மெஷினிலை கையைச் சுத்திக் கட்டுற பட்டி, சின்னனாக் கட்டினால் பிரஷர் கூடக் காட்டும், அதையும் கவனியுங்கோ. பாத்த எல்லாத்தையும் திகதியோடை ஒரு கொப்பியிலை எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ, நல்லா வந்ததை மட்டும் எழுதாமல் கூட வந்ததையும் எழுதுங்கோ.

இப்ப பிரஷர் ஏன் வந்ததெண்டு கொஞ்சம் விளங்கிக்கொண்டால் பாதத்திலை அமுக்கி அதை மாத்த ஏலுமோ எண்டது உங்களுக்கே தெரியும். 20 கிழமைக்குப் பிறகு புதுசா 140/90 அல்லது அதுக்கு மேலை வந்தால் அதை கர்ப்பப் பிரஷர் எண்டுறது, அதோடை சலத்திலை புரோட்டீனோ, ஈரல், சிறுநீரகம், இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்கள் இதுகளிலை பழுதோ சேர்ந்தால் பிரீஎக்ளம்சியா. இதின்ரை வேர் அநேகமா நச்சுக்கொடியிலை இருக்கு. கர்ப்பத்தின்ரை முதல் பாதியிலை கர்ப்பப்பையின்ரை இரத்தக்குழாயள் நல்லா அகண்டு குடுக்க வேணும், சிலருக்கு அது வடிவா நடக்கிறேல்லை, அப்ப நச்சுக்கொடிக்கு இரத்தம் காணாது, அது கஷ்டப்பட்டு தாயின்ரை இரத்தத்திலை சில பொருளுகளை விட, தாயின்ரை உடம்பு முழுக்க இரத்தக்குழாயின்ரை உள்சுவர் பழுதாகத் தொடங்கும். மாசக்கணக்கா உள்ளுக்கை நடந்த வேலை இது. குளிசையாலையே அது மாறாது, லபெட்டலோல், மெத்தில்டோப்பா, நிஃபெடிபின் மூண்டும் செய்யிறது என்னெண்டால் பிரஷர் கடுமையா ஏறி தாய்க்கு மூளையிலை இரத்தம் கசியாமல் காக்கிறதுதான். பிள்ளையும் நச்சுக்கொடியும் வெளியிலை வந்த பிறகுதான் நோய் விலகத் தொடங்கும். அந்தக் கால் விரல் புள்ளியை வைச்சு கர்ப்பமில்லாத பிரஷர்காரரிலை சின்னச் சின்ன ஆராய்ச்சியள் நடந்திருக்கு, ஆனா உலக சுகாதார நிறுவனமோ பிரிட்டனிலை டொக்டர்மாருக்கு வைத்திய வழிகாட்டி எழுதுற நைஸ் எண்ட அமைப்போ கர்ப்பப் பிரஷருக்கு அக்குபிரஷரை மருந்தெண்டு சொல்லேல்லை. நானும் சொல்ல மாட்டன்.

அப்ப அக்குபிரஷர் எதுக்கு உதவும்? நித்திரை, பதட்டம், ஓங்காளம், உடம்பு இறுகிப் போறது, இதுகளுக்கு. உங்கடை மிட்வைஃப் மிஸ்ஸிட்டையோ டொக்டரிட்டையோ சொல்லிப்போட்டு செய்யுங்கோ, ஒளிச்சுச் செய்யாதேங்கோ.

நித்திரைக்கு நான் சொல்லிக் குடுக்கிற இடம் மணிக்கட்டிலை சின்னவிரல் பக்கம். உள்ளங்கையை மேலை பாக்க வைச்சு மணிக்கட்டு மடிப்பை சின்னவிரல் பக்கமா தடவிக்கொண்டு போங்கோ, ஒரு சின்ன உருண்டை எலும்புக்கு முன்னாலை ஒரு பள்ளம் தட்டும், அதிலை மற்றக் கைப் பெருவிரலை வைச்சு மெதுவா ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம், மூச்சை நீட்டி விட்டுக்கொண்டு அமுக்குங்கோ. ரெண்டு புருவத்துக்கும் நடுவிலையும் அப்பிடித்தான், அங்கை அமுக்கவும் தேவையில்லை, விரலாலை மெல்ல வட்டம் போட்டால் காணும். நோக நோக அமுக்கினால்தான் பலன் எண்டு கனபேர் நினைக்கினம், பிள்ளைத்தாச்சிக்கு அது கூடவே கூடாது, நோ வந்தால் பிரஷர் ஏறும். அதோடை உங்களுக்கு ஆஸ்பிரின் தந்திருந்தால் லேசா அமுக்கினாலே கண்டிப்போகலாம். ஒரு காரணமும் இல்லாமல் உடம்பிலை நீலம் நீலமா கண்டினால், இல்லாட்டி முரசாலை இரத்தம் வந்தால், அது பிளேட்லெட் இறங்கினதுக்கும் அடையாளமா இருக்கலாம், அமுக்கிறதை நிப்பாட்டி அண்டைக்கே இரத்தம் சோதிக்க வேணும்.

நாரி நோவுக்கு நாரியிலை அமுக்கிறதை நான் விரும்புறேல்லை. நாரிக்குக் கீழை இருக்கிற முக்கோண எலும்பிலை உள்ள புள்ளியள் பிரசவ வலி நேரம் அமுக்கிறதுக்கு உரியது. அதுக்கு முதல் இடது பக்கம் சரிஞ்சு படுத்து, முழங்காலுக்கு நடுவிலை ஒரு தலையணை, வயித்துக்குக் கீழை மடிச்ச சீலை ஒண்டு, நாரியிலை இளஞ்சூட்டிலை துவாய் ஒத்தடம். கனபேருக்கு இதுவே காணும். மல்லாக்கப் படுக்க வைச்சு ஒருத்தரும் அமுக்க வேண்டாம், இந்த மாசத்திலை பிள்ளையின்ரை பாரம் தாயின்ரை பெரிய இரத்தக்குழாயை நெரிக்கும், தலை சுத்தும், பிள்ளைக்கும் இரத்தம் குறையும்.

கால் வீக்கம் பின்னேரத்திலை கூடி இரவு படுத்தெழும்ப வத்தினால் அநேகமா சாதாரணம்தான், கொழும்பு வெயிலுக்கும் நிண்ட நிலைக்கும் வாறது. காலை உயத்தி வைக்கலாம், பாதத்தை மேலையும் கீழையும் ஆட்டலாம், பாதத்திலை இருந்து மேலை மெல்லத் தடவி விடலாம். ஆனா காலமை எழும்பேக்கையே முகம் ஊதி, கையிலை மோதிரம் கழராமல், முழங்காலுக்குக் கீழை எலும்பிலை பெருவிரலாலை அமுக்கி எடுத்தால் குழி அப்பிடியே நிக்குது எண்டால், அதுவும் ரெண்டு மூண்டு நாளிலை திடீரெண்டு வந்ததெண்டால், தடவாதேங்கோ, பிரஷர் பாக்கப் போங்கோ. ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைக்கால் சிவந்து சூடா நொந்தால் அந்தக் காலைத் தொடவே வேண்டாம், இரத்தம் கட்டியிருக்கலாம், அமுக்கினால் அந்தக் கட்டி கழண்டு நுரையீரலுக்குப் போகலாம்.

அக்காவிட்டை இதையும் காட்டுங்கோ. உள்கணுக்காலுக்கு மேலை நாலு விரல் அகலத்திலை எலும்புக்குப் பின்னாலை உள்ள புள்ளி, கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலை உள்ள சதை, கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவிலை தோளின்ரை உச்சி, வெளிக்கணுக்காலுக்குப் பின்பள்ளம், கால் சின்னவிரல் நகத்தின்ரை வெளிமூலை, இந்த அஞ்சும் பிள்ளைத்தாச்சிக்கு விலக்கின இடங்கள். இதுகளை அமுக்கினால் பிரசவம் தொடங்கிவிடும் எண்டு ஆராய்ச்சியிலை தெளிவா வரேல்லைத்தான், எண்டாலும் 37 கிழமை முடியாமல், அதுவும் பிரஷரோடை இருக்கிற ஒருத்தியிலை, அதைச் சோதிச்சுப் பாக்க ஒரு தேவையும் இல்லை.

கேள்வி: என் மருமகளுக்கு எட்டு மாசம். பிரஷர் இருக்குன்னு கிளினிக்ல சொன்னாங்க. ரெண்டு நாளா தலைவலி, பாம் தேய்ச்சு, கை பெருவிரல் பக்கத்துல அமுக்கி விட்டா கொஞ்சம் குறையுது, திரும்ப வருது. சாப்பாடு செமிக்கல போல, நெஞ்சுக்கு கீழ வலிக்குதுன்னும் சொல்றா. அதுக்கு எந்த இடத்துல அமுக்கணும்? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: அம்மா, உங்கடை கடிதத்தைப் பாத்த உடனை போன் எடுத்துச் சொன்னதைத்தான் இங்கையும் எழுதுறன், இதே நிலையிலை இருக்கிற மற்ற வீடுகளும் வாசிக்க வேணும் எண்டதுக்காக. இதுக்கு அமுக்கிற இடம் ஒண்டும் இல்லை. பிரஷர் உள்ள பிள்ளைத்தாச்சிக்கு விடாத தலையிடி, கண் மங்கிறது அல்லது மின்னி மின்னித் தெரியிறது, நெஞ்சுக்குழியிலை அல்லது வலது விலாவுக்குக் கீழை நோ, கடைசி மாசங்களிலை புதுசா வாற சத்தி, மூச்சு எடுக்கக் கஷ்டம், சலம் குறையிறது, பிள்ளையின்ரை துடிப்புக் குறையிறது, இதிலை ஒண்டு வந்தாலும் உடனை ஆஸ்பத்திரி. விடியட்டும் எண்டு பாக்கக் கூடாது, அடுத்த கிளினிக் நாளும் பாக்கக் கூடாது. நெஞ்சுக்குழி நோவைச் செமியாக்குணம் எண்டு நினைச்சு இஞ்சியும் ஓமமும் குடுத்து வைச்சிருந்த ஆக்களை வோட்டிலை கண்டிருக்கிறன், அங்கை நோகிறது இரைப்பை இல்லை, ஈரல். தலையிடிக்கு மூளையிலை வாற மாற்றம் காரணமா இருக்கலாம், அடுத்தது வலிப்பு.

பாம் தேய்ச்சு அமுக்கி விட நோ கொஞ்சம் குறையிறதுதான் இதிலை பெரிய ஆபத்து. குறைஞ்ச உடனை வீட்டிலை எல்லாரும் ஆறுதலாகி விடுவினம், உள்ளுக்கை பிரஷர் 160/110ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். 160/110 எண்டால் அது அவசர நிலை, ஆஸ்பத்திரியிலை கெதியா இறக்க வேணும், வலிப்பு வராமல் மக்னீசியம் சல்பேட் ஊசியும் போடுவினம். அந்த ஊசி வலிப்பு வாற வாய்ப்பை அரைவாசிக்கு மேலை குறைக்குது எண்டு பத்தாயிரம் தாய்மாருக்கு மேலை சேர்த்துச் செய்த மக்பை எண்ட ஆராய்ச்சி 2002இலை காட்டினது. உங்கடை கையிலை அன்பு இருக்கு அம்மா, ஆனா மருமகளுக்கு இப்ப வேண்டியது அந்த மருந்து. கொட்டாஞ்சேனையிலை இருந்து சொய்சா ஆஸ்பத்திரிக்கோ காசல் வீதி ஆஸ்பத்திரிக்கோ ட்ரஃபிக் இல்லாட்டி தூரமில்லை, ட்ரஃபிக் எண்டால் 1990 எண்ட நம்பருக்கு போன் அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

கேள்வி: கல்யாணத்துக்கு முதலே எனக்கு பிரஷர், லோசார்டான் எடுக்கிறனான். இப்ப 9 கிழமை. ஒரே ஓங்காளம், குளிசை போட்டால் அதோடை சத்தி. ஒன்லைனிலை மணிக்கட்டிலை கட்டுற பட்டி ஒண்டு விக்கினம், வாங்கலாமோ? (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: பட்டியைப் பிறகு பாப்பம். லோசார்டான், எனலாப்ரில் மாதிரி மருந்துகள் வயித்துப் பிள்ளையின்ரை சிறுநீரகத்தைப் பாதிக்கும், பிள்ளை தங்கினது தெரிஞ்ச உடனை அதை மாத்த வேணும். அதுக்காக நீங்களா நிப்பாட்டிப்போட்டு இருக்காமல் இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு டொக்டரைக் கண்டு மெத்தில்டோப்பாவோ லபெட்டலோலோ எழுதி வாங்குங்கோ. இன்னும் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸிலை பதியாட்டி இந்தக் கிழமையே பதியுங்கோ, கர்ப்பப் பதிவேட்டிலை பழைய பிரஷர் இருக்கெண்டு முதல் பக்கத்திலையே எழுதுவிக்க வேணும். முதலே பிரஷர் உள்ள ஆக்களுக்கு 12 கிழமையிலை இருந்து குறைஞ்ச அளவு ஆஸ்பிரின் குடுக்கிறது வழக்கம், பிரீஎக்ளம்சியா வாற வாய்ப்பைக் குறைக்கும், அதையும் கேளுங்கோ. எவ்வளவு எண்டு டொக்டர்தான் சொல்ல வேணும்.

இனிப் பட்டி. அது அமுக்கிற இடத்துக்கு பி 6 எண்டு பேர், உங்கடை நிலைக்கு நான் மனசாரச் சொல்லுற ஒரே இடம் அதுதான். உள்ளங்கையை உங்களைப் பாக்கப் பிடிச்சுக்கொண்டு மணிக்கட்டு மடிப்பிலை மற்றக் கையின்ரை மூண்டு விரலைக் குறுக்கா வையுங்கோ, மூண்டாவது விரல் முடியிற இடத்திலை நடுவிலை ரெண்டு நார் ஓடுறது தெரியும், மணிக்கட்டை லேசா மடக்கினால் வடிவாத் தெரியும். அந்த ரெண்டு நாருக்கும் நடுவிலை பெருவிரலை வைச்சு ரெண்டு மூண்டு நிமிஷம் அமுக்குங்கோ, பிறகு மற்றக் கை. குளிசை போட முதல் ஒருக்கா, சாப்பிட முதல் ஒருக்கா. கைவிரல் விறைச்சால் கூடிப்போச்செண்டு அர்த்தம். பட்டியிலை இருக்கிற பொத்தான் அந்த இடத்திலை நிக்க வேணும், அவ்வளவுதான் அதின்ரை வேலை, இறுக்கமாக் கட்டாதேங்கோ. எல்லா ஆராய்ச்சியும் ஒரே மாதிரிச் சொல்லேல்லை, சிலருக்கு நல்லாக் கேக்கும் சிலருக்குக் கேக்காது, எண்டாலும் பிரிட்டனின்ரை 2021 நைஸ் வழிகாட்டி கடுமையான ஓங்காளத்துக்கு மற்ற வைத்தியத்தோடை சேர்த்து இதையும் பாக்கலாம் எண்டு சொல்லுது.

பிரஷர் குளிசை போட்டுக் கொஞ்ச நேரத்துக்குள்ளை சத்தி எடுத்தால் திரும்பப் போடலாமோ எண்டு உங்கடை டொக்டரிட்டை முன்கூட்டியே கேட்டு வைச்சிருங்கோ. தண்ணி கூடத் தங்கேல்லை, சலம் கடும் மஞ்சளாப் போகுது எண்டால் சேலைன் ஏத்த வேணும். இன்னொண்டு, தொண்டைக்கும் சத்திக்கும் நல்லதெண்டு அதிமதுரம் அவிச்சுக் குடிக்கச் சொல்லுவினம், உங்களுக்கு அது வேண்டாம், அதிமதுரம் பிரஷரை ஏத்தும், உடம்பிலை பொட்டாசியத்தையும் இறக்கும். இஞ்சித் தேத்தண்ணி கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்கலாம்.

கேள்வி: மனைவிக்கு எட்டாம் மாசம், பிரஷர் குளிசை எடுக்கிறா. பிறந்தநாளுக்கு ஸ்பாவிலை கால் ரிஃப்ளெக்ஸொலஜி (பாதத்திலை புள்ளியளை அமுக்கிற மசாஜ்) புக் பண்ணியிருக்கிறன். அனுப்பலாமோ? (தெஹிவளை வாசகர்)

பதில்: தம்பி, அந்த வவுச்சரைப் பிள்ளை பிறந்த பிறகு பாவியுங்கோ. அங்கை வேலை செய்யிற பிள்ளையள் நல்லாச் செய்வினம், ஆனா கணுக்காலைச் சுத்தி விலக்கின இடங்கள் எல்லாத்தையும் ஒரு ஓட்டத்திலை அமுக்கிக்கொண்டு போயிடுவினம், சூடான அறையிலை மல்லாக்க வைச்சு ஒரு மணித்தியாலம் வேற. நீங்களே வீட்டிலை அவவைச் சரிஞ்சு இருக்க வைச்சு, கொஞ்சம் எண்ணெய் தொட்டு பாதத்தை மட்டும் மெல்லத் தடவி விடுங்கோ. தோள் நோ எண்டால் தோளின்ரை உச்சியை விட்டுட்டு தோள்பட்டைக்கு இடையிலை உள்ளங்கையாலை தடவலாம். உண்மையிலை அவவுக்குப் பரிசு தர வேணுமெண்டால் நல்ல டிஜிட்டல் பிரஷர் மெஷின் ஒண்டு வாங்கிக் குடுங்கோ, மேல்கையிலை கட்டுற வகை, மணிக்கட்டிலை கட்டுறது வேண்டாம். முதல் தரம் கிளினிக்குக்குக் கொண்டுபோய் அங்கத்தை மெஷினோடை ஒத்துப் பாருங்கோ.

கேள்வி: மகளின்ரை பிரசவம் பாக்க யாழ்ப்பாணத்திலை இருந்து வந்து நிக்கிறன். கர்ப்பத்திலை பிரஷர் இருந்தது, பிள்ளை பிறந்து அஞ்சு நாள், இனிப் பிரஷர் பயமில்லைத்தானே, உடம்பு நோவுக்கு நல்லா அமுக்கிக் குளிக்க வார்க்கலாமோ? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: அக்கா, பயம் இன்னும் போகேல்லை. பிள்ளை பிறந்து மூண்டாம் நாளிலை இருந்து ஆறாம் நாள் வரைக்கும் பிரஷர் திரும்ப ஏறுற காலம், கர்ப்பத்திலை பிரஷர் இல்லாத ஆக்களுக்கே இந்த நேரம் வலிப்பு வந்திருக்கு, ஆறு கிழமை வரைக்கும் கவனிக்க வேணும். டிஸ்சார்ஜ் பண்ணேக்கை குளிசை தந்திருந்தால் பால் குடுக்கிறா எண்டு சொல்லி நிப்பாட்டாதேங்கோ, தாய்ப்பால் குடுக்கிற ஆக்களுக்குப் பொருத்தமான மருந்தைத்தான் குடுத்திருப்பினம், சந்தேகமெண்டால் கேளுங்கோ. பத்துநாளுக்குள்ளை மிட்வைஃப் வீட்டுக்கு வருவா, வரேக்கை பிரஷர் எப்ப எங்கை பாக்கிறதெண்டு கேட்டு வையுங்கோ.

அமுக்கிறதெண்டால் தோள், முதுகு, கை மெல்லத் தடவி விடலாம், பால் குடுத்துக் குடுத்து முதுகு இறுகியிருக்கும், அதுக்கு அது பெரிய சுகம். கைப் பெருவிரல் சதை, கணுக்கால் புள்ளியள் இப்ப விலக்கில்லை, ஆனா கெண்டைக்காலை இறுக்கிப் பிசைய வேண்டாம், பிரசவத்துக்குப் பிறகு காலிலை இரத்தம் கட்டுற வாய்ப்புக் கூட. வெட்டிப் பிள்ளை எடுத்ததெண்டால் வயித்திலை கையே வைக்க வேண்டாம். குளிக்க வார்க்கலாம், கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிரஷர் குளிசை எடுக்கிறவ திடீரெண்டு தலை சுத்தி விழுவா. நோவுக்கு பரசிட்டமோல் குடுக்கலாம், டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் பிரஷர் உள்ளவைக்குக் குடுக்க முதல் டொக்டரிட்டைக் கேளுங்கோ.

தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குழி நோ எண்டு மகள் சொன்னால் நித்திரை முழிப்பாலை எண்டு நினைக்காதேங்கோ. பிரஷர் பாருங்கோ, பாக்க வழியில்லாட்டி நேரை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, போகேக்கை டிஸ்சார்ஜ் பேப்பரையும் கர்ப்பக் காட்டையும் குடிக்கிற குளிசை மட்டையளையும் கையோடை எடுத்துக்கொண்டு போய், பிள்ளை பிறந்து எத்தினை நாள் எண்டதை வாசலிலையே முதல் சொல்லுங்கோ.